38 லட்சம் கடன் வேண்டாம். அவள் ஆவணக்காப்பகத்துக்குப் போகட்டும்

விருதுநகரிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் பி.ஏ. வரலாறு, இறுதியாண்டு. தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சியை எதிர்த்து வெளிநாடுகளில் இயங்கிய அமைப்புகளின் துண்டறிக்கை, சுவரொட்டி, சுற்றறிக்கை என்று இணையத்தில் தேடித் தேடிப் படிக்கிறாளாம். "இதை வைத்துக்கொண்டு என்ன பிழைப்பு நடத்துவாள்?" என்று கேட்கிறார். லண்டனில் இருக்கும் கொழுந்தனார் ஒரு வழி சொல்லியிருக்கிறார்: அங்கே வந்து சர்வதேச உறவுகள் எம்.ஏ. படிக்கட்டும், ஐ.நா. வரைக்கும் போகலாம். செலவு 38 லட்சம். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்க அப்பா தயாராகிவிட்டார்.

அம்மா, உங்கள் கவலை நியாயமானதுதான். ஆனால் அந்தக் கடனை வாங்காதீர்கள்.

38 லட்சத்தை 11 சதவீத வட்டிக்கு வாங்கி 10 ஆண்டுகளில் அடைப்பதென்றால் மாதத் தவணை 52,000 ரூபாயைத் தாண்டும். ஓராண்டுப் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடும் இளம்பெண்ணுக்கு அந்தத் தவணையைக் கட்டும் அளவுக்குச் சம்பளம் கிடைக்கும் என்று நம்பி வீட்டை அடகு வைப்பது சூதாட்டம். ஐ.நா.வில் நுழைய அந்தப் பட்டம் மட்டும் போதாது. இரண்டு மூன்று மொழி, சில ஆண்டுக் கள அனுபவம் எல்லாம் வைத்திருப்பவர்களே அங்கே ஒப்பந்த வேலைக்காக வரிசையில் நிற்கிறார்கள். கல்யாண வீட்டில் சொல்லிக்கொள்ளப் பட்டத்தின் பெயர் நன்றாக இருக்கும், அவ்வளவுதான். ஐ.ஏ.எஸ்., சட்டம், பி.எட். பற்றியெல்லாம் உங்களுக்குச் சொல்ல ஊரே இருக்கிறது, நான் விட்டுவிடுகிறேன்.

நீங்கள் படமெடுத்து அனுப்பிய அவளுடைய நோட்டுப் பக்கங்களுக்கு வருகிறேன். தேதி போடாத ஒரு துண்டறிக்கையைப் பற்றி இப்படிக் குறித்திருக்கிறாள்: "முகவரி சார்லட் தெரு. ஆகவே மண்டேலா தெருவுக்கு முந்தையது." பிரிட்டனின் நிறவெறி எதிர்ப்பு இயக்கம் 1959-இல் லண்டனில் தென்னாப்பிரிக்கப் பொருள்களைப் புறக்கணிக்கும் இயக்கமாகத் தொடங்கியது. மறு ஆண்டு ஷார்ப்வில்லில் போலீஸ் சுட்டு 69 பேர் இறந்த பிறகு பெயரையும் வேலையையும் விரித்துக்கொண்டு, 1994 வரை நடந்தது. நெடுங்காலம் சார்லட் தெருவில் இருந்த அலுவலகம் 1980-களில் கேம்டன் பகுதிக்கு மாறியது. அங்கே அது இருந்த தெருவுக்குத்தான் மண்டேலாவின் பெயரைச் சூட்டினார்கள். முகவரியை வைத்துத் தாளின் காலத்தைக் கண்டுபிடிக்க உங்கள் மகளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆவணக்காப்பாளர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்வது இந்த வேலையைத்தான்.

அந்த இயக்கத்தின் தாள்கள் இன்று ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் போட்லியன் நூலகத்தில் இருக்கின்றன. முதலில் அவற்றை வைத்திருந்த கட்டடம் ரோட்ஸ் மாளிகை. ஆப்பிரிக்காவைச் சுருட்டிக்கொள்ளப் பார்த்த செசில் ரோட்ஸின் நினைவாகக் கட்டிய இடம்! டச்சு அமைப்புகளின் தாள்கள் ஆம்ஸ்டர்டாமில், சமூக வரலாற்றுக்கான சர்வதேச நிறுவனத்தில் இருக்கின்றன. அமெரிக்காவில் 1953-இல் தொடங்கிய ஆப்பிரிக்காவுக்கான அமெரிக்கக் குழுவின் ஆவணங்கள் நியூ ஆர்லியன்ஸில், அமிஸ்டாட் ஆய்வு மையத்தில் உள்ளன.

பாதிரியார் ஜான் காலின்ஸ் லண்டனிலிருந்து நடத்திய பாதுகாப்பு மற்றும் உதவி நிதியத்தின் கதை இன்னும் சுவையானது. நிறவெறி ஆட்சி வழக்குப் போட்டவர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் பணம் அனுப்பிய அமைப்பு அது. 1966-இல் தென்னாப்பிரிக்க அரசு அதைத் தடை செய்தது. பணம் போவது மட்டும் நிற்கவில்லை. பிரிட்டனிலும் வேறு நாடுகளிலும் இருந்த சாதாரண மனிதர்கள், சிறையில் இருப்பவர்களின் குடும்பங்களுக்கு நண்பர்களைப் போலக் கடிதம் எழுதிப் பணம் அனுப்பினார்கள். மனைவிமார் பதில் எழுதினார்கள்: வாடகை, பிள்ளையின் பள்ளிக் கட்டணம், உடம்பு சரியில்லை, மாமியார் போய்விட்டார். 1991-இல் நிதியம் கலைந்தபோது அதன் தொகுப்பு தென்னாப்பிரிக்காவுக்கே திரும்பி, கேப்டவுனில் உள்ள மேற்கு கேப் பல்கலைக்கழகத்தின் மாயிபுயே மையத்துக்குப் போனது. இன்று ராபன் தீவு அருங்காட்சியகமும் பல்கலைக்கழகமும் சேர்ந்து அதைப் பராமரிக்கின்றன.

அப்படி ஒரு கடிதக் கட்டு மேசைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதிய பெண்ணின் நோய் விவரம் அதில் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்கள். இணையத்தில் போடலாமா? எத்தனை ஆண்டு மூடி வைப்பது? அமைப்பு அடுக்கி வைத்திருந்த வரிசையைக் கலைக்காமல் பட்டியல் போடவேண்டும், ஏனென்றால் எந்தத் தாளுக்குப் பக்கத்தில் எந்தத் தாள் இருந்தது என்பதும் ஒரு சான்றுதான். துருப்பிடித்த ஸ்டேப்ளர் ஊசியைத் தாள் கிழியாமல் நெம்பி எடுக்கவேண்டும். 1980-களின் ஃபேக்ஸ் தாள் வெப்பத்தால் எழுத்து விழும் ரகம். நகலெடுக்காமல் விட்டால் வெளிறி வெற்றுத்தாளாகிவிடும். பழைய பிலிம் சுருளில் வினிகர் வாடை அடித்தால் அது அழியத் தொடங்கிவிட்டது என்று பொருள். 2021 ஏப்ரல் 18 அன்று காட்டுத்தீ பரவி, கேப்டவுன் பல்கலைக்கழகத்தின் ஜாகர் நூலக வாசிப்புக்கூடம் எரிந்தது. ஆப்பிரிக்க ஆய்வு நூல்களில் பெரும்பகுதி போயிற்று. அடித்தளத்தில் தப்பியவை தீயணைத்த தண்ணீரில் நனைந்துவிட்டன. ஈரத் தாளை எந்த வரிசையில் எடுப்பது, எதை உலர்த்துவது, எதை உறையவைப்பது என்று தெரிந்தவர்கள் இருந்ததால்தான் மிச்சம் கைக்கு வந்தது.

ஐ.நா.தான் வேண்டும் என்று கொழுந்தனார் சொன்னால் இ.எஸ். ரெட்டியைப் பற்றிச் சொல்லுங்கள். நெல்லூர்ப் பக்கத்துக்காரர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர், ஐ.நா.வின் நிறவெறி எதிர்ப்பு மையத்துக்குத் தலைமை வகித்தவர். ஓய்வுக்குப் பிறகும் ஆவணங்களைத் திரட்டிக்கொண்டே இருந்தார். அவருடைய தாள்களில் ஒரு பகுதி யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

இனி வழி. எம்.ஏ. வரலாறு இங்கேயே, அரசுக் கல்லூரியில் படிக்கட்டும். கட்டணம் உங்கள் கைக்கு அடங்கும். விடுமுறையில் சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு எழுதி, உதவியாளராக வர அனுமதி கேட்கட்டும். பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் ஆவணக்காப்பகம் பயிற்சியாளர்களைச் சேர்த்துக்கொள்கிறது. முதுகலைக்குப் பிறகு டெல்லியில் தேசிய ஆவணக்காப்பகம் நடத்தும் ஓராண்டு டிப்ளமோவுக்கு விண்ணப்பிக்கலாம். தகுதி விவரத்தை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். தாள் பழுதுபார்ப்புக்கு அங்கேயே குறுகிய காலப் பயிற்சிகளும் உண்டு. தனியார் நிறுவனங்களிலும் இடம் இருக்கிறது: மும்பையில் கோத்ரெஜ், புனேயில் டாடா ஆகியவை சொந்த ஆவணக்காப்பகம் வைத்திருக்கின்றன. கூடவே டச்சு மொழி படிக்கட்டும். ஆம்ஸ்டர்டாம் தாள்களுக்கு அது வேண்டும். அதைப் படித்துவிட்டால் தென்னாப்பிரிக்காவின் ஆஃப்ரிகான்ஸ் மொழியும் பாதி புரியும்.

சம்பளத்தைப் பற்றி ஒளிக்க ஒன்றுமில்லை. தொடக்கத்தில் குறைவு, பல இடங்களில் ஒப்பந்த வேலை, ஐ.டி. வேலையில் இருக்கும் அத்தை மகனோடு ஒப்பிட்டால் தினமும் வீட்டில் சண்டைதான் வரும். ஒப்பிடாதீர்கள். கடன் இல்லாமல் தொடங்குபவளுக்குக் குறைந்த சம்பளத்தில் சில ஆண்டுகள் ஓட்ட முடியும். மாதம் 52,000 தவணை உள்ளவளுக்கு முடியாது. பத்திரத்தை வங்கியில் வைக்கக்கூடாது என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான்.

வெளிநாட்டுப் படிப்புக்கும் நான் எதிரியில்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜிலும் லிவர்பூலிலும் ஆவணக்காப்பக முதுகலை நன்றாக இருக்கிறது. உதவித்தொகையோடு மட்டும் போகட்டும். பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கேட்கிறார்கள். இங்கே ஆவணக்காப்பகத்தில் வேலை பார்த்த காலம் அந்தக் கணக்கில் சேரும். காமன்வெல்த் உதவித்தொகைக்கும் சேர்த்தே விண்ணப்பிக்கவேண்டும். ஓர் ஆண்டு கிடைக்கவில்லையென்றால் வேலையைத் தொடர்ந்துகொண்டு, அடுத்த ஆண்டு மறுபடியும் விண்ணப்பிக்கலாம்.