எல்லாக் கட்டத்திலும் ‘இல்லை’

கேள்வி: சுங்கை சிப்புட்டில் 18 ஆண்டுகளாகக் காப்புறுதி முகவராக இருக்கிறேன். வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் தோட்டத்து மக்கள். படிவங்களை நானே நிரப்பிவிட்டுக் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள்வேன். ‘இனி எல்லாவற்றையும் செயற்கை நுண்ணறிவு பார்த்துக்கொள்ளும், முகவரே தேவையில்லை, வேறு வேலை தேடுங்கள்’ என்கிறான் மகன். 800 ரிங்கிட்டுக்கு அதைக் கற்றுத்தரும் வகுப்பும் இருக்கிறதாம். சேரட்டுமா, தொழிலையே விட்டுவிடட்டுமா?

பதில்: அன்புச் சகோதரி, மகன் வெறும் பயத்தில் பேசவில்லை. ஜப்பானின் ஃபுகோகு ஆயுள் காப்புறுதி நிறுவனம் 2017-லேயே ஐபிஎம் வாட்சன் என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருளைக் கொண்டுவந்து, இழப்பீட்டைக் கணக்கிடும் பிரிவில் 34 பேரைக் குறைத்தது. மருத்துவச் சான்றிதழைப் படித்து, மருத்துவமனையில் இருந்த நாள்களையும் நடந்த அறுவைச் சிகிச்சையையும் குறித்தெடுக்கும் வேலை இயந்திரத்துக்குப் போனது; பணம் கொடுப்பதற்கான இறுதி ஒப்புதல் மனிதரிடமே இருந்தது. இன்று மோதிய காரின் படத்தைப் பார்த்துப் பழுதுச் செலவையும் கணினி மதிப்பிடுகிறது. சந்தா வாங்கவும் கையெழுத்து வாங்கவும் மட்டுமே வாசலுக்கு வரும் முகவருக்கு இனி அதிக நாள் இல்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய வரி வேறு. படிவங்களை நீங்களே நிரப்புவதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் மட்டும் இப்படிச் செய்யவில்லை என்பதும் தெரியும். தோட்டத்தில் வெளிக்காட்டு வேலை முடிந்து களைத்து வந்த பெண்ணிடம் இருதயமா, சிறுநீரகமா, நீரிழிவா என்று அடுக்கடுக்காகக் கேட்க யாருக்கும் சங்கடம்தான். எல்லாக் கட்டத்திலும் ‘இல்லை’ விழுந்துவிடும். அந்த அம்மாளோ அரசாங்க கிளினிக்கில் காத்திருந்து வாங்கிய மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரை அட்டையை மைலோ டின்னுக்குப் பின்னால் வைத்திருப்பார்.

குமாஸ்தா கண்ணில் படாமல் தப்பிய பொய், மென்பொருளிடம் தப்புவது கடினம். செலவை நிறுவனம் ஏற்கும் என்ற உத்தரவாதக் கடிதத்தை மருத்துவமனை கேட்கும் நேரத்தில், மருத்துவர் எழுதிய ‘பத்தாண்டுகளாக நீரிழிவு’ என்ற ஒரு வரியையும் உங்கள் பழைய படிவத்தையும் அது நொடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடும். மலேசியாவின் 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டத்தின் 9-ஆவது அட்டவணைப்படி, கேட்ட கேள்விக்குத் தவறான தகவல் தராதிருக்க நியாயமான கவனம் எடுக்கவேண்டியவர் வாடிக்கையாளர். கையெழுத்து அவருடையது. ஆயுள் காப்புறுதி இரண்டு ஆண்டைக் கடந்துவிட்டால், மோசடி என்று காட்டினாலொழிய நிறுவனம் அதைச் செல்லாததாக்க முடியாது, உண்மைதான். அதை வாதாடிப் பெறும் தெம்பு படுக்கையில் கிடப்பவருக்கு ஏது அம்மா?

தொழிலை விட வேண்டாம். இனிப் போகும் அடுத்த வீட்டிலிருந்தே படிவத்துக் கேள்விகளைத் தமிழில் வாய்விட்டுக் கேளுங்கள். மாத்திரை அட்டையை எடுத்துவரச் சொல்லி, அதிலுள்ள பெயரைப் பார்த்து எழுதுங்கள். சந்தா கூடலாம், விண்ணப்பமே மறுக்கப்படலாம், உங்கள் கமிஷன் போகலாம். போகட்டும். பழைய படிவங்களில் தவறு இருந்தால் வாடிக்கையாளரிடம் சொல்லி, நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். சிலர் உங்களைத் திட்டுவார்கள், வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

இயந்திரம் தடுமாறும் இடமும் ஒன்று உண்டு: நம் பெயர்கள். ஒரே முனியம்மா அடையாளக் கார்டில் ஓர் எழுத்துக்கூட்டலிலும், திருமணச் சான்றிதழில் வேறொரு எழுத்துக்கூட்டலிலும், மகனின் பிறப்புப் பத்திரத்தில் இன்னொன்றிலும் இருப்பார். கணவர் இறந்து இழப்பீடு கேட்கும்போது ‘பொருந்தவில்லை’ என்று கணினி திருப்பி அனுப்பினால், தோட்டத்திலிருந்து ஈப்போவுக்கு அலைய வேண்டியவர் அவர்தான். உங்கள் வாடிக்கையாளர் எல்லாருடைய நியமனதாரர் (இழப்பீட்டைப் பெற நியமிக்கப்பட்டவர்) பெயரையும் இப்போதே எடுத்து, அடையாளக் கார்டுப்படி திருத்திவையுங்கள். எந்தச் செயலியும் லயத்து வாசலில் உட்கார்ந்து இதைச் செய்யாது.

800 ரிங்கிட் வகுப்பு தேவையில்லை. முகவர்களுக்கான தொடர்பயிற்சியில் என்ன சொல்லித்தருகிறார்கள் என்று உங்கள் நிறுவனத்தில் கேளுங்கள். செயலியைப் பழக மகனுடன் இரண்டு மாலை உட்கார்ந்தால் போதும். ஒன்று மட்டும் கூடாது: கடிதம் எழுத உதவும் என்று வாடிக்கையாளரின் மருத்துவ அறிக்கையை இலவச உரையாடல் செயலிகளில் ஏற்றாதீர்கள். 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உடல்நலத் தகவலுக்குத் தனிக் காப்பு உண்டு, அதற்கு வெளிப்படையான சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதத்தை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள்.