அவள் சண்டை போடுகிறாள்

அன்புள்ள ஐயா,

கல்லூரி நாட்களில் விரும்பிக் கேட்ட அயர்லாந்து ராக் குழு கிரான்பெரீஸின் 'லிங்கர்' பாட்டு போன வாரம் தற்செயலாகக் காதில் விழுந்தது. 25 வருடத்துக்கு முன் பிரிந்தவளின் முகம் வந்து நின்றது. பழைய காதலின் ஏக்கத்தை இவ்வளவு அழகாகச் சொன்ன பாட்டு வேறு உண்டா? இந்த வயதில் அழுவது அசட்டுத்தனமா? அவளுக்கு ஒரு செய்தி அனுப்பலாமா?

ர.

அன்புள்ள ர.,

அழுங்கள், யார் கேட்கப்போகிறார்கள். நானும் கொஞ்ச நாளாக அந்தப் பாட்டோடுதான் இருக்கிறேன், அதனால்தான் இந்தப் பதில். ஆனால் 'பழைய காதலின் ஏக்கம்' என்றீர்களே, அதைப் படித்ததும் கோபம் வந்தது. நீங்கள் பாட்டை ஒழுங்காகக் கேட்டதே இல்லை.

அதைப் பாடிய டோலரஸ் ஓ'ரியோர்டன் அயர்லாந்தின் லிமெரிக் பக்கத்துக் கிராமத்துப் பெண். 1990-ல் பாடகி தேடிக்கொண்டிருந்த குழுவில் சேர வந்தபோது வயது 18. குழுவின் கிடார்க்காரர் நோயல் ஹோகன் தான் வாசித்ததைக் கேசட்டில் கொடுத்தார். கொஞ்ச நாளில் டோலரஸ் வரிகளோடு திரும்பி வந்தார். முத்தம் கொடுத்த பையன் வேறொருத்தி பக்கம் போய்விட்டான், விஷயம் அவ்வளவுதான். அதுதான் அமெரிக்கப் பட்டியலில் 8-ஆம் இடம்வரை போனது.

எடுத்த எடுப்பிலேயே ஒரே சொற்களை இரண்டு தடவை சொல்லித் தடுமாறுகிறாள். அப்புறம் விசாரணை: அவள் கையை ஏன் பிடித்துக்கொண்டிருந்தாய்? அத்தனையும் பொய்யா? உனக்கு விளையாட்டா? சற்று முன் பார்த்துவிட்டு வந்து கேட்கிற கேள்விகள் இவை. நினைத்துப் பார்க்க அவளுக்கு இன்னும் நேரமே கிடைக்கவில்லை. அதைப் பழசாக்கியது நாம்தான். பாதிப் பழியை அந்த வயலின்கள்மேல் போடலாம்; அவற்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது தெருச்சண்டை.

என் அறைத்தோழனுக்கு ஆங்கிலம் அரைகுறை. நான் இதைப் போட்டுவிட்டுக் கட்டிலில் கண்மூடிக் கிடந்தால், "அவ சண்டை போட்டுக்கிட்டிருக்கா, நீ தாளம் போடறியேடா" என்று டேப்பை நிறுத்திவிடுவான். குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டான், பாவி.

திரும்பிப் பார்க்கிற பாட்டுத்தான் வேண்டுமென்றால் அயர்லாந்திலேயே இருக்கிறது. கவிஞர் பாட்ரிக் கவனாவின் 'ராக்லன் ரோடு', பாடகர் லூக் கெல்லி பாடியதைக் கேளுங்கள். அதில் ஒருவன், தான் காதலித்தவள் அவசரமாக விலகி நடந்து போவதைப் பார்க்கிறான், நேசிக்க வேண்டிய விதத்தில் நான் நேசிக்கவில்லை என்று ஒத்துக்கொள்கிறான். அந்த ஒப்புதல் வர வருடங்கள் ஆகும். 18 வயதுப் பெண்ணிடம் அதைக் கேட்காதீர்கள்.

சரி, செய்தி. அனுப்பாதீர்கள். 'பிரிந்தவள்' என்று எழுதியிருக்கிறீர்கள். யார் யாரை விட்டுப் போனது என்று கடிதத்தில் ஒரு வரி இல்லை. அந்தப் பாட்டில் நீங்கள் அவளா, அந்தப் பையனா? அதை முதலில் எனக்கு எழுதுங்கள்.