பறிபோன கேம் கணக்கு: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கே: காலையில் எழுந்தால் ஸ்டீம் (வால்வ் நிறுவனத்தின் கணினி விளையாட்டுத் தளம்) கணக்கைக் காணோம். மின்னஞ்சல் முகவரியையே மாற்றிவிட்டார்கள். மீளுமா?

ப: மீளும். ஆனால் முதலில் உங்கள் மின்னஞ்சலைப் பாருங்கள். திருடன் இன்னும் அதற்குள் உட்கார்ந்திருந்தால், மீட்பதும் அவன் கைக்கே போகும். வைரஸ் இல்லாத வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றி, எல்லாச் சாதனங்களையும் வெளியேற்றுங்கள். பிறகு ஃபில்டர்களையும் தானியங்கி ஃபார்வர்டையும் திறந்து பாருங்கள். ஸ்டீமின் எச்சரிக்கை அஞ்சல்கள் நேரே குப்பைக்குப் போகும்படி விதி போட்டு வைத்திருப்பான். பலர் கோட்டை விடுவது இங்கேதான். அதன் பிறகே ஸ்டீம் சப்போர்ட். கணக்கு உங்களுடையது என்று காட்ட, பணம் கட்டிய விவரமும் விளையாட்டுப் பெட்டியில் வந்த சிடி கீயும் (விளையாட்டைத் திறக்கும் குறியீடு) உதவும்.

கே: கணக்கு வந்துவிட்டது, ஸ்கின் (விளையாட்டுக்குள் ஆயுதம் முதலியவற்றுக்குப் போடும் அலங்காரம்) எல்லாம் போச்சு. திருப்பித் தருவார்களா?

ப: ஸ்டீம் பொதுவாகத் தராது. கணக்கில் நீங்கள் உருவாக்காத ஏபிஐ கீ (வெளி மென்பொருள் உங்கள் கணக்கோடு பேச உதவும் சாவி) இருந்தால் உடனே நீக்குங்கள். அது இருக்கும்வரை உங்கள் டிரேடுகளை (மற்றவர்களோடு செய்யும் பொருள் பரிமாற்றங்களை) திருடன் திசைதிருப்பலாம்.

கே: இரண்டடுக்குச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு ஒரு குறியீடும் கேட்பது) இருந்தும் போனது எப்படி?

ப: விளையாட்டில் ஏமாற்றி ஜெயிக்க ஏதாவது 'சீட்' மென்பொருள் ஓட்டினீர்களா? அதில் ஒளிந்து வருவது, நீங்கள் ஏற்கெனவே உள்நுழைந்திருக்கும் செஷனையே (மறுபடி கேட்காமல் உள்ளே விடும் அனுமதியை) திருடும். பிறகு குறியீடு யார் கேட்கப் போகிறார்கள்?

கே: கணக்கும் போச்சு, மின்னஞ்சலும் மாறிடுச்சு. என்ன செய்ய?

ப: முதல் பதில்.

கே: ஒருவரிடம் விலைக்கு வாங்கிய கணக்கை விற்றவரே மீட்டுக்கொண்டார்.

ப: விதிப்படி அது என்றுமே உங்களுடையதாக இருந்ததில்லை. இங்கே அதற்கு மருந்தில்லை.

கே: கண்ட லிங்கை அழுத்திய முட்டாள்களுக்கு நிறுவனம் ஏன் பொறுப்பேற்க வேண்டும்?

ப: இதைக் கேட்பார்கள் என்று தெரியும். மாதம் சுமார் 77,000 கணக்குகள் பறிபோகின்றன என்று 2015 டிசம்பரில் வால்வ் நிறுவனமே எழுதியது. பறிகொடுத்தவர்கள் விவரமறியாத புதியவர்கள் அல்ல, தொழில்முறை ஆட்டக்காரர்களும் அதில் உண்டு என்றும் சொன்னது. விளையாட்டுக்குள் இருக்கும் பொருளுக்குப் பணமதிப்பு வந்ததும் திருட்டு தொழிலாகிவிட்டது.

கே: அப்படியானால் தவறு முழுக்க நிறுவனத்துடையதுதானே! பூட்டை ஏன் எங்கள் தலையில் கட்டுகிறார்கள்?

ப: நீங்கள் மறுகோடிக்கு ஓடுகிறீர்கள். நல்ல பூட்டு செய்வதும், சந்தேகமான டிரேடை நிறுத்திவைப்பதும் அவர்கள் வேலை. ஒரே கடவுச்சொல்லைப் பத்து இடத்தில் வைத்தது யார்? இந்தச் சண்டையில் நீங்களும் முந்தைய கேள்வி கேட்டவரும் பதினாறு முறை எழுதிவிட்டீர்கள். உண்மையில் கணக்கை இழந்தவர்களின் கேள்விகள் கீழே புதைந்து கிடக்கின்றன.

கே: நண்பன் தன் அணிக்கு ஓட்டுப் போட லிங்க் அனுப்பினான்.

ப: அனுப்பியது அவனில்லை, அவன் கணக்கைப் பறித்தவன். போனில் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

கே: கட்டணம் வாங்கிக்கொண்டு மீட்டுத் தருவதாக ஒருவர் சொல்கிறார். மின்னஞ்சலுக்கு வந்த குறியீட்டைக் கேட்டார், கொடுத்துவிட்டேன். சரிதானே?

ப: இதைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள். மின்னஞ்சல்! இப்போதே!