குளியல் தொட்டிச் சிலந்தியும் கேக் தேடும் குளவியும்: ஐரோப்பியப் பூச்சிகள் பற்றிக் கேள்வி பதில்

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் போதும், "இது என்ன பூச்சி, கடிக்குமா?" என்ற கேள்விகள் வரிசை கட்டும். படம் அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நிறத்தை மட்டும் எழுதாதீர்கள். எத்தனை கால், எத்தனை இறகு, எந்த நேரத்தில், எங்கே பார்த்தீர்கள் என்றும் எழுதுங்கள். நிறம்தான் நம்மை அதிகம் ஏமாற்றும்.

லண்டன்: அக்கா, காலையில் பார்த்தால் குளியல் தொட்டிக்குள் உள்ளங்கை அளவில் ஒரு சிலந்தி! தண்ணீர் போகும் குழாய் வழியாக ஏறி வருகிறதா?

இல்லை. தொட்டிக்குக் கீழே குழாய் வளைகிற இடத்தில் எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்கும். அதைத் தாண்டிச் சிலந்தி வருவதில்லை. இது பெரிய வீட்டுச் சிலந்தி. மேலேயிருந்து உள்ளே விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். வழுவழுப்பான பரப்பில் பிடித்து ஏற உதவும் மயிர்க்கற்றை இதன் பாதத்தில் இல்லை. அதனால் இரவெல்லாம் ஏறுவதும் சறுக்குவதுமாக இருந்து, காலையில் உங்கள் கண்ணில் படுகிறது.

திடீரென்று வந்த விருந்தாளி என்று நினைக்காதீர்கள். அலமாரிக்குப் பின்னாலும் கார் கொட்டகையிலும் வருடம் முழுக்க உங்களோடுதான் குடியிருக்கிறது. செப்டம்பர் வாக்கில் ஆண் சிலந்திகள் வலையை விட்டுவிட்டுப் பெண் தேடிக் கிளம்பும். முகத்துக்கு முன்னால் இரண்டு குட்டிக் கைகள் தெரியும், பாருங்கள். அவற்றின் நுனி குத்துச்சண்டைக் கையுறை மாதிரி வீங்கியிருந்தால் ஆண். பெண் கிடைத்துவிட்டால் அவள் வலையிலேயே சில வாரம் தங்கி, அங்கேயே செத்தும் போகும். அப்புறம் பெண் அதைத் தின்றுவிடுவதும் உண்டு.

ஒரு துண்டைத் தொட்டி விளிம்பிலிருந்து உள்ளே தொங்கவிடுங்கள், தானாக ஏறிப் போய்விடும். அவசரம் என்றால் ஒரு டம்ளரைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகித் தூக்குங்கள்.

பாரிஸ்: கூரை மூலையில் நூல் போன்ற கால்களோடு ஒன்று தொங்குகிறது. தொட்டால் வலையோடு சேர்ந்து கிடுகிடுவென்று ஆடுகிறது. உலகத்திலேயே கொடிய விஷம் இதற்குத்தான் என்கிறார்களே?

அது கட்டுக்கதை. ஆடுவது பயத்தில், எதிரியின் கண்ணுக்குச் சரியாகப் புலப்படாமல் இருக்க. மேலே சொன்ன பெரிய வீட்டுச் சிலந்தியையே இந்த ஒல்லிச் சிலந்தி நூலால் சுற்றித் தின்றுவிடும். எனவே பெரிய சிலந்திக்குப் பயப்படுகிறவர்கள் இதை ஒட்டடைக்குச்சியால் அடிக்காமல் இருப்பது நல்லது. பெண் சிலந்தி முட்டைகளைக் கொத்தாக வாயிலேயே கவ்விக்கொண்டு திரியும். ஒருமுறையாவது கிட்டே போய்ப் பாருங்கள்.

ஸ்டுட்கார்ட்: நோஸ்ஃபெராட்டு சிலந்தி என்று பத்திரிகையில் பயமுறுத்துகிறார்கள். ஜன்னல் கண்ணாடியில் ஏறிப் போனது அதுதானா?

இருக்கலாம். கண்ணாடியில் ஏறியது நல்ல துப்பு, ஏனென்றால் பெரிய வீட்டுச் சிலந்தியால் அது முடியாது. முன்னுடம்பில் இருக்கும் கருத்த வடிவம் 'நோஸ்ஃபெராட்டு' என்ற பழைய பேய்ப்படத்து முகத்தை நினைவூட்டுவதால் இந்தப் பெயர். மத்தியதரைக்கடல் பக்கத்து இனம். ஜெர்மனியில் முதலில் 2005-இல் ஃப்ரைபர்க்கில் கண்டார்கள். கைக்குள் அமுக்கினால் கடிக்கும், கிட்டத்தட்ட தேனீ கொட்டின வலி. தானாகத் தேடி வந்து கடிக்காது. பத்திரிகைக்காரர்களுக்குப் பெயர் பிடித்துப் போய்விட்டது, வேறொன்றுமில்லை.

மூனிக்: ஜூன் மாதம் தோட்டத்தில் நிம்மதியாகச் சாப்பிட்டோம். ஆகஸ்ட் கடைசியில் பிறந்தநாள் கேக்கை வெட்டவே விடவில்லை குளவிகள். ஏன் இப்படி?

ஜூனில் அவற்றுக்கு வேலை இருந்தது. வேலைக்காரக் குளவிகள் ஈ, புழு என்று வேட்டையாடிக் கூட்டிலுள்ள புழுக்களுக்கு ஊட்டும். பதிலுக்கு அந்தப் புழுக்கள் வாயிலிருந்து இனிப்பான நீரைச் சுரந்து கொடுக்கும். கோடை முடியும்போது புழுக்கள் குறைந்துவிடும், இனிப்பும் நின்றுவிடும். அதனால்தான் உங்கள் கேக்கும் ஜூஸும். ஊதி விரட்டாதீர்கள், மூச்சுக்காற்று அவற்றைச் சீண்டிவிடும். சிறுவர்களின் ஜூஸ் குவளையை மூடி வையுங்கள். உறைபனி வந்தால் கூடு காலி. இளம் ராணிகள் மட்டும் எங்காவது ஒடுங்கிக் குளிர்காலத்தைக் கழிக்கும். பழைய கூட்டில் அடுத்த வருடம் குடியேறுவதில்லை, அதனால் காலிக் கூட்டுக்குப் பயப்பட வேண்டாம்.

அதே நபர்: செடிக்கு மேல் அசையாமல் அந்தரத்தில் நிற்கும் மஞ்சள் வரிப் பூச்சியும் குளவிதானே?

அது ஈ. குளவிக்கு நாலு இறகு, இதற்கு இரண்டுதான். கண்கள் முகம் முழுக்க, உணர்கொம்பு ஒட்டக் கத்தரித்தது போல் குட்டை. கொட்டக் கொடுக்கே கிடையாது, வெறும் வேஷம். பல இனங்களில் இதன் புழுக்கள் ரோஜாச் செடியின் அசுவினிகளைத் தின்று தீர்க்கும். தயவுசெய்து அடிக்காதீர்கள்.

டோர்ட்முண்ட்: ராத்திரி பால்கனி விளக்கைச் சுற்றி ராட்சதக் குளவி. ஆசியக் கதண்டா?

ராத்திரி விளக்குக்கு வந்தது என்பதே பதில். அது பெரும்பாலும் ஐரோப்பியக் கதண்டு: செம்பழுப்பு உடம்பு, மஞ்சள் வயிறு. ஆசியக் கதண்டு பகலில் பறப்பது. உடம்பு கருப்பு, வயிற்றின் பின்பக்கம் ஒரே ஒரு அகலமான ஆரஞ்சுப் பட்டை, கால் நுனிகள் மஞ்சள். 2004-இல் தென்மேற்குப் பிரான்சில் தென்பட்டது, தேனீ வளர்ப்பவர்களுக்குப் பெரிய தலைவலி. உங்களிடம் வந்தது ஜெர்மனியில் சட்டப் பாதுகாப்பு பெற்ற இனம், கூட்டைக் கலைத்தால் அபராதம் வரும். விளக்கை அணைத்தால் போய்விடும்.

சூரிச்: ஜன்னல் இடுக்கில் பழுப்புக் கேடயம் போன்ற பூச்சிகள். நசுக்கினால் நாற்றம்.

உணர்கொம்பில் வெள்ளை வளையங்கள் இருந்தால் கிழக்காசியாவிலிருந்து வந்த நாற்றப்பூச்சியாக இருக்கலாம். ஐரோப்பாவில் முதலில் கவனிக்கப்பட்ட இடங்களில் உங்கள் ஊரும் ஒன்று. உடம்பு நீளமாக, பின்னங்கால் இலை மாதிரி அகன்றிருந்தால் அது பைன் விதைப் பூச்சி, அமெரிக்காவிலிருந்து வந்தது. இரண்டும் குளிருக்கு ஒதுங்க வருகின்றன, வீட்டில் எதையும் தின்னாது. நசுக்காமல் வெளியே விடுங்கள்.

வியன்னா: காட்டில் நடந்துவிட்டு வந்தால் முழங்காலுக்குப் பின்னால் கருப்பாக ஒட்டியிருந்தது. எண்ணெய் தடவலாமா?

தடவாதீர்கள். அது உண்ணி, எட்டுக்கால் இனம். எண்ணெய், நெருப்பு எதுவும் வேண்டாம். கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக, மெதுவாக இழுங்கள். கடித்த இடத்தைச் சுத்தம் செய்து தேதியைக் குறித்து வையுங்கள். சில நாளிலோ சில வாரத்திலோ சிவப்பு வட்டம் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் போங்கள். ஆஸ்திரியாவில் உண்ணி பரப்பும் மூளைக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி உண்டு. அடிக்கடி காட்டுக்குப் போகிறவர் என்றால் இப்போதே கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.