கேள்வி – பதில்: மலைச் சைக்கிளுக்கு நீடித்து உழைக்கும் சக்கரங்கள்

கேள்வி: என் எடை 96 கிலோ. குன்னூரைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டப் பாதைகளில் 29 அங்குல மலைச் சைக்கிள் ஓட்டுகிறேன். பின்சக்கரத்தில் ஸ்போக் கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்துகொண்டே இருக்கின்றன. கடையில் ரிம்மை மாற்றச் சொல்கிறார்கள். நண்பர்கள் கார்பன் சக்கரம் வாங்கச் சொல்கிறார்கள். நீண்ட நாள் உழைக்கும் சக்கரங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?
– வாசகர், குன்னூர்

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறியைப் பார்த்தால், ரிம்மை மட்டும் மாற்றுவதால் இந்தத் தொல்லை தீராது. சைக்கிள் சக்கரத்தின் கம்பிகள் அனைத்தும் இழுத்துக் கட்டப்பட்டவை. உங்கள் எடை அச்சின் மேல் இறங்கும்போது, அந்த நொடியில் அச்சுக்கு நேர்கீழே நிற்கும் சில கம்பிகளின் இழுவிசை குறைகிறது. சக்கரம் சுழன்று அவை அங்கிருந்து விலகியதும் இழுவிசை பழைய நிலைக்குத் திரும்புகிறது. 29 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் ஏறத்தாழ 2.3 மீட்டர் ஓடுவதால், ஒவ்வொரு கம்பியும் ஒரு கிலோமீட்டருக்குள் 430 முறைக்கு மேல் இப்படித் தளர்ந்து இறுகுகிறது. இரும்புக் கம்பியை இப்படியும் அப்படியுமாக வளைத்துக்கொண்டே இருந்தால் ஓரிடத்தில் அது முறிந்துவிடுவதைப் போல, ஸ்போக் கம்பியும் நாளடைவில் வலுவிழந்து, பெரும்பாலும் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பின் விளிம்பில் வளைந்து நுழையும் இடத்தில் அறுகிறது. ஒன்று அறுந்துவிட்டதென்றால், அதனுடன் சேர்த்துக் கோக்கப்பட்டு அதே தூரம் ஓடிய மற்றக் கம்பிகளும் அந்த நிலையை நெருங்கிவிட்டன என்றே கொள்ள வேண்டும். ஆகவே, புதிய சக்கரம் வாங்கும் வரை இதே சக்கரத்தை ஓட்டுவதானால், பின்சக்கரக் கம்பிகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடுங்கள்.

புதிய சக்கரத்திலும் முதலில் கவனிக்க வேண்டியது கம்பிதான். தடித்த கம்பியே உறுதியானது என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில், இரு முனைகளிலும் 2.0 மி.மீ. தடிமனும் நடுவில் 1.8 மி.மீ. தடிமனும் கொண்ட கம்பிகள், முழு நீளமும் ஒரே தடிமனாக உள்ள கம்பிகளைவிட அதிக காலம் அறாமல் உழைக்கின்றன. நடுப்பகுதி மெலிந்திருப்பதால் அது சற்றே நீண்டு கொடுக்கிறது. அதனால் பாறையில் விழும் அதிர்ச்சி வளைவுப் பகுதியில் குவியாமல் பக்கத்துக் கம்பிகளுக்கும் பகிரப்படுகிறது. டிடி சுவிஸ் நிறுவனத்தின் காம்பெட்டிஷன், சாபிம் நிறுவனத்தின் ரேஸ் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. உங்கள் எடைக்குப் பின்சக்கரத்தில் 32 கம்பிகளுக்குக் குறைய வேண்டாம். முன்சக்கரத்துக்கும் 32 என்றே வைத்துக்கொள்ளுங்கள். கம்பியின் ரிம் பக்க முனையில் திருகும் நிப்பிள் பித்தளையாக இருக்கட்டும். அலுமினிய நிப்பிள் சில கிராம்களை மிச்சப்படுத்தும். ஆனால் ஈரத்தில் அரித்துப்போகும், கோட்டம் எடுக்கும்போது தலை உருண்டுவிடும். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்யும் உங்கள் ஊருக்கு அது பொருந்தாது.

நல்ல பொருள்களை வாங்கிய பிறகும் சக்கரத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது அதைக் கோக்கும் கைதான் என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கம்பி போதிய இறுக்கத்தில் இல்லாவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் முற்றிலும் தொய்ந்து, தன் துளைக்குள் அசைந்து, நிப்பிள் தானாகவே கழன்று, சக்கரம் கோணிவிடும். பின்சக்கரத்தில் பற்சக்கரங்கள் இருக்கும் வலப்பக்கக் கம்பிகளின் இறுக்கம் பெரும்பாலான அலுமினிய ரிம்களில் 100 முதல் 120 கிலோ விசை வரை இருக்க வேண்டும்; ரிம்மைத் தயாரித்தவர் குறிப்பிடும் உச்ச அளவை அது தாண்டக் கூடாது. பற்சக்கரங்களுக்கு இடம் விடுவதற்காக வலப்பக்க விளிம்பு உள்ளே தள்ளி அமைந்திருப்பதால், இடப்பக்கக் கம்பிகள் இதைவிடத் தளர்வாகவே இருக்கும். இந்த வேறுபாட்டைக் குறைக்கவே கம்பித் துளைகள் ஒரு பக்கமாக ஒதுங்கிய ரிம்களும், 142 மி.மீ. ஹப்பைவிட இரு பக்கமும் 3 மி.மீ. அகலமான 148 மி.மீ. பூஸ்ட் ஹப்களும் வந்துள்ளன. எந்த அகலம் பொருந்தும் என்பதை உங்கள் பிரேம்தான் முடிவு செய்யும். அதை அளக்காமல் எதையும் வாங்காதீர்கள்.

சக்கரம் கோப்பவரிடம் இழுவிசை அளக்கும் கருவி இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். கோத்து முடித்ததும் இணையாக ஓடும் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பிடித்து அழுத்தி, வளைவுகளை ஹப்பின் விளிம்போடு படிய வைக்கிறாரா என்றும் பாருங்கள். இதைச் செய்யாத சக்கரம் கடையில் நேராகச் சுழன்றாலும் காட்டுப் பாதையில் சில நாள்களிலேயே தளர்ந்துவிடும். முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு ஒருமுறை இறுக்கத்தைச் சரிபார்த்துக்கொள்வது அவசியம்.

ஹப்பைப் பொறுத்தவரை, உங்கள் தற்போதைய வண்டியில் பற்சக்கரத் தொகுதி ஹப்பின் மேல் மரையில் திருகும் பழைய ஃப்ரீவீல் வகையாக இருந்தால், அந்த ஹப்பை மீண்டும் பயன்படுத்தாதீர்கள். அதில் வலப்பக்க பேரிங், அச்சின் முனையிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கிறது; வெளியே நீண்டு நிற்கும் அச்சு கனமானவரின் எடையில் வளைகிறது, சில வேளை முறிகிறது. பற்சக்கரங்களைத் தாங்கும் பகுதி ஹப்போடு சேர்ந்தே வரும் ஃப்ரீஹப் வகையில் பேரிங் வெளிமுனைக்கு அருகில் அமைவதால் இந்தக் குறை இல்லை. பேரிங் குண்டுகள் கிண்ணத்துக்கும் கூம்புக்கும் நடுவே உருளும் ஷிமானோ ஹப்களை ஆண்டுதோறும் பிரித்துக் கிரீஸ் வைத்தால் நெடுங்காலம் உழைக்கும். அந்தப் பராமரிப்புக்கு நேரமில்லாதவர்கள் மூடிய பேரிங் கொண்டதை வாங்கி, தேய்ந்ததும் பேரிங்கை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

கார்பன் ரிம்களை நான் குறை சொல்லவில்லை. இன்று அவை மிகவும் வலுவானவை. ஆனால் கல்லில் மோதிய அலுமினிய ரிம் நசுங்கினாலும் பெரும்பாலும் வீடு வரை கொண்டுவந்து சேர்க்கும், ஓரளவு நிமிர்த்தவும் முடியும். விரிசல் விட்ட கார்பன் ரிம்மை மாற்றத்தான் வேண்டும், அதன் விலையும் அதிகம். 28 முதல் 30 மி.மீ. உள்ளகலமும் இரட்டைச் சுவரும் கொண்ட அலுமினிய ரிம்மே என் பரிந்துரை. டிடி சுவிஸ் எக்ஸ்எம் 481, அதைவிடக் கனமான பயன்பாட்டுக்கான இஎக்ஸ் 511 ஆகிய இரண்டுக்கும் உள்ளகலம் 30 மி.மீ. உங்கள் எடைக்கு இரண்டாவதைப் பின்சக்கரத்தில் போடலாம்.

சக்கரங்களோடு வரும் தாளில் இரண்டு செய்திகளைப் படியுங்கள். ஒன்று, அதிகபட்ச எடை. அதில் உங்களுடன் வண்டியும் பையும் சேரும். மற்றொன்று, பயன்பாட்டு வகை. ஏ.எஸ்.டி.எம். என்ற பன்னாட்டுத் தர அமைப்பின் 3-ஆம் வகை கரடுமுரடான பாதைக்கும் 61 செ.மீ. வரையிலான குதிப்புக்கும், 4-ஆம் வகை 122 செ.மீ. வரையிலான குதிப்புக்கும் உரியது. தோட்டப் பாதைகளுக்கு 3-ஆம் வகை போதும்.

கேள்வி: என்னிடம் 26 அங்குலப் பழைய மலைச் சைக்கிள் இருக்கிறது. அதே பிரேமில் 29 அங்குலச் சக்கரம் பொருத்த முடியுமா?
– வாசகி, ஏற்காடு

பதில்: முடியாது. டயர் அமரும் விட்டம் 26 அங்குலத்தில் 559 மி.மீ.; 29 அங்குலத்தில் 622 மி.மீ. அந்த வேறுபாட்டுக்கு உங்கள் பிரேமிலும் ஃபோர்க்கிலும் இடமிருக்காது. ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால் கட்டையும் எட்டாது. பிரேம் நல்ல நிலையில் இருந்தால் 559 மி.மீ. ரிம்மையே வாங்கிப் புதிதாகக் கோக்கச் செய்யுங்கள். சிறிய சக்கரத்தில் கம்பியின் நீளம் குறைவு என்பதால், மற்றவை சமமாக இருந்தால் அது பக்கவாட்டில் பெரிய சக்கரத்தைவிட உறுதியானது.

கேள்வி: டியூப்லெஸ் முறைக்கு மாறிய பிறகு பின் ரிம் இரண்டு இடங்களில் நசுங்கிவிட்டது. ரிம் தரம் குறைந்ததா?
– வாசகர், கொடைக்கானல்

பதில்: காற்றழுத்தத்தை முதலில் பாருங்கள். டியூப் இல்லாததால் பஞ்சர் பயமின்றி அழுத்தத்தை மிகவும் குறைத்து ஓட்டுவது எளிதாகிவிடுகிறது. அப்போது கல்லின் அடி டயரைத் தாண்டி நேராக ரிம்மில் விழுகிறது. 75 கிலோ எடையுள்ளவர் 2.3 அங்குல டயரில் முன்னே 22, பின்னே 25 பி.எஸ்.ஐ. என்று தொடங்கி, ரிம் கல்லில் தட்டும் ஓசை கேட்டால் ஒவ்வொன்றாகக் கூட்டலாம். அப்படியும் தட்டினால், பக்கச்சுவர் தடித்த டயரைப் பின்சக்கரத்துக்கு மாற்றுங்கள், அல்லது டயருக்குள் வைக்கும் நுரை வளையத்தைப் பொருத்துங்கள்.