பூனைக்கு எதற்கு நன்றி?

அன்புள்ள அக்கா,

திருநகரில் இருக்கிறேன். வயது 31, ஐ.டி. வேலை. ஒரு வருடமாக வீட்டில் பூனை வளர்க்கிறேன். கூடவே பூனை காமிக்ஸ் பைத்தியமும் பிடித்துவிட்டது. கார்ஃபீல்டில் ஆரம்பித்து இப்போது மங்கா என்கிற ஜப்பானிய காமிக்ஸ் பக்கம் வந்திருக்கிறேன். "இந்த வயசுல பொம்மைப் புத்தகமா" என்கிறார் அப்பா. அம்மாவோ, "நாய்க்காவது நன்றி இருக்கும், இதுக்கு எதுக்குடா சோறு" என்கிறார். எனக்கும் ஒரு சந்தேகம். இந்தக் கதைகளில் பூனை கடைசிவரை யாருக்கும் எதுவும் செய்வதில்லை. அப்படி என்னதான் இருக்கிறது இவற்றில்? அடுத்து எதை வாசிக்கலாம்?

எம்.

அன்புள்ள எம்.,

அப்பாவின் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். 1984இல் 'வாட்ஸ் மைக்கேல்?' என்ற பூனை மங்கா தொடங்கியதும், 2004இல் 'சீஸ் ஸ்வீட் ஹோம்' என்ற இன்னொரு பூனை மங்கா தொடங்கியதும் ஜப்பானின் 'மார்னிங்' இதழில்தான். அது வேலைக்குப் போகும் ஆண்களைக் குறிவைத்து நடத்தப்படும் இதழ். சொல்லிப் பாருங்கள், கேட்காவிட்டால் விடுங்கள்.

கார்ஃபீல்ட் பூனையே இல்லை. திங்கட்கிழமையைத் திட்டிக்கொண்டு 1978லிருந்து லசான்யா தின்கிற ஒரு சோம்பேறி மாமா. இதில் என்னோடு சண்டைக்கு வராதீர்கள்.

அம்மா சொன்ன அந்த நன்றிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருந்த விஷயம்.

நான் வளர்ந்தது மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு வளவில். நான்கு குடித்தனம், ஒரு அடிபம்பு, ஒரு கடுவன் பூனை. எங்கள் வீட்டில் அதற்கு மணி என்று பேர், எதிர்வீட்டில் சுந்தரி, டீச்சர் வீட்டில் ஜிம்மி. எந்தப் பேருக்கும் அது திரும்பியதில்லை. மீன் வாங்கும் நாளில் சாளைத் தலைகளை அம்மா தனியாக எடுத்து வைப்பாள். தின்றுவிட்டு அது பாட்டுக்குப் போகும். "ஒரு பார்வை பார்க்குதா பாரு, நன்றிகெட்ட ஜென்மம்" என்பாள். அடுத்த வாரமும் தலைகளை எடுத்து வைப்பாள்.

ஒருமுறை வளவின் சொந்தக்காரர் ஆள்விட்டு, அதைச் சாக்கில் கட்டி வைகைக்கு அந்தப் பக்கம் செல்லூரில் விட்டுவரச் செய்தார். சில நாளில் திரும்பி வந்தது. வளவே வாசலுக்கு வந்துவிட்டது. அதுவோ எங்கள் எல்லோரையும் தாண்டிப் போய்த் தண்ணீர்த்தொட்டி மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. அன்றைக்கு அம்மாவுக்கு வந்த கோபம் இருக்கிறதே! இத்தனைக்கும் அது காணாமல்போன நாளெல்லாம் சரியாகச் சாப்பிடாமல் இருந்தவள் அவள்தான்.

நாங்களும் அவள் சமைத்ததைத் தின்றுவிட்டு எங்கள் பாட்டுக்குப் போனவர்கள்தான். எங்களிடம் ஒருநாளும் அவள் இதைக் கேட்டதில்லை. பூனையிடம் கேட்டாள். புருஷனிடமும் பிள்ளைகளிடமும் கேட்க முடியாததைக் கேட்க வீட்டில் வேறு யார் இருந்தார்கள்? உங்கள் அம்மா பூனையைப் பற்றித்தான் பேசுகிறாரா என்று கொஞ்சம் யோசியுங்கள் தம்பி. முப்பத்தொரு வயது ஆகிவிட்டது, சாப்பிட்ட தட்டைக் கழுவுகிறீர்களா?

சரி, காமிக்ஸ். நாய்க் கதை எழுதுவது சுலபம். எஜமானைக் காப்பாற்ற வேண்டும், கடைசிப் பக்கத்தில் சாக வேண்டும், நாம் அழ வேண்டும். சிவகாசியிலிருந்து வந்த முத்து, லயன் காமிக்ஸில் வளர்ந்தவள் நான். இரும்புக்கை மாயாவி பக்கத்துக்குப் பக்கம் ஏதாவது செய்துகொண்டே இருப்பார். பூனையை வைத்து அது நடக்காது. அதனால் வரைகிறவர் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. கொனாமி கனாட்டா வரைந்த 'சீஸ் ஸ்வீட் ஹோம்' கதையில் வரும் சீ, தாயைத் தொலைத்த குட்டி. யமாடா குடும்பம் எடுத்துப்போகிறது. அவர்கள் குடியிருப்பில் பிராணிகள் வளர்க்கக் கூடாது, ஒளித்து வைக்கிறார்கள். பதிலுக்குச் சீ கண்ட இடத்தில் மூத்திரம் போகிறது. ஓர் அத்தியாயம் சில பக்கம்தான். அதற்குள் பெட்டியைக் கண்ட பூனையின் முதுகு எப்படி வளையும் என்பது வந்துவிடுகிறது. இதுதான் நீங்கள் கேட்ட 'என்ன இருக்கிறது'. இதற்கு மேலும் வேண்டுமென்றால் சீரியல் பாருங்கள்.

ஜப்பானே நடுங்கும் பேய்க்கதைகள் வரைந்த ஜுன்ஜி இட்டோ, தன் வீட்டுப் பூனைகள் யோன், மூ இரண்டையும் வைத்து ஒரு புத்தகம் போட்டிருக்கிறார். பூனை தன்னிடம் வராதா என்று ஏங்கும் மனிதராகத் தன்னையே வரைந்திருக்கிறார். அது வருங்கால மனைவியிடம் போகிறது. பொறாமையில் அவர் முகம் அவருடைய பேய்களைவிடப் பயங்கரமாக இருக்கிறது.

அமெரிக்கப் பக்கம் ஜார்ஜ் ஹெரிமன். 1913 முதல் தான் இறந்த 1944 வரை 'கிரேஸி கேட்' என்ற பூனை காமிக்ஸை வரைந்தார். எலி செங்கல்லை எடுத்துத் தலையில் எறியும். பூனை அதை அன்பு என்று வாங்கிக்கொள்ளும். நன்றியுள்ள பூனைதான் வேண்டுமென்றால் அம்மாவுக்கு இதைக் காட்டலாம்.

நீங்கள் சீயிலிருந்து தொடங்குங்கள், பிறகு இட்டோ. திருட்டு ஸ்கேனில் வாசிக்க வேண்டாம், ஐ.டி. சம்பளத்தில் வாங்கலாம்.

இத்தனை எழுதியவர் உங்கள் பூனையின் பேரை எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் அது இல்லாவிட்டால் பதில் கிடையாது.

அன்புடன்,
அக்கா