பேச்சு பிந்திய பேரன்

கேள்வி: பேரனுக்கு மூன்று வயது. பத்துச் சொல்தான் பேசுகிறான். மகள் கொழும்பில் வேலை, தோட்டத்து லய வீட்டில் நான்தான் பார்க்கிறேன். "ஆம்பிளைப் பிள்ளை பிந்தித்தான் பேசும்" என்கிறார்கள். அ, ஆ எழுதப் பழக்கினால் பேச்சு வருமா?
- ஒரு பாட்டி, தலவாக்கலை

பதில்: அம்மா, இனியும் காத்திருக்க வேண்டாம். இரண்டு வயதிலேயே பெரும்பாலான பிள்ளைகள் "மாமா வா" என்று இரண்டு சொல்லைச் சேர்த்துவிடுவார்கள். தோட்டத்து மருத்துவமாதுவிடம் சொல்லி, முதலில் காதுப் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். கூப்பிட்டால் திரும்புகிறானே என்று விட்டுவிடாதீர்கள். நடுக்காதில் நீர் கட்டியிருந்தால் சத்தம் கேட்கும், சொல் தெளியாது. சளியோடே திரியும் பிள்ளைகளிடம் இதை நான் பல தடவை கண்டிருக்கிறேன்.

எழுத்து பிறகு. "சொல்லு, சொல்லு" என்று நெருக்காதீர்கள், பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். ரொட்டி தட்டும்போது பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். அவன் "மா" என்றால், "வெள்ளை மா" என்று ஒரு சொல் கூட்டிச் சொல்லுங்கள். பிறகு மனதுக்குள் பத்து எண்ணும்வரை அவன் முகத்தைப் பார்த்துச் சும்மா இருங்கள். கடினமான வேலை அதுதான். கை காட்டினாலும் பதில்தான், ஏற்றுக்கொள்ளுங்கள்.

"ரொட்-டி", "தண்-ணி" என்று கைதட்டிச் சொல்லுங்கள். சொல்லைத் துண்டு துண்டாகக் கேட்கப் பழகிய காதுக்கு, பின்னாளில் எழுத்துக்கூட்டுவது இலகு. உங்களுக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் படம் காட்டிக் கதை சொல்லலாம். பக்கத்தில் சிங்களம் பேசினால் பேச்சு பிந்தும் என்பது பிழை.

இரவில் மகள் போனில் கோல் எடுத்தால், அன்றைக்கு அவன் தட்டிய ரொட்டியை அம்மாவுக்குக் காட்டச் சொல்லுங்கள்.